தலைக்கும் தலைவருக்கும் நடுவே

பிழை திருத்துவதுதான் என் பிழைப்பு. முப்பது வருஷமாக அச்சகங்களுக்குப் புரூஃப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கொடை விழா நோட்டீஸ், அசன அழைப்பு, முதலாண்டு நினைவஞ்சலி என்று எங்கள் ஊர்ப் பக்கம் எது அச்சானாலும் பாதி என் கண்ணைத் தாண்டித்தான் போகும். ஒற்று மிகுமா மிகாதா என்று யோசித்துத் தூக்கம் கெட்ட நாட்கள் உண்டு. ஆனால் எழுத்துப்பிழை எதுவுமே இல்லாத ஒரு சொல் மாதக்கணக்கில் என்னைப் படுத்தி எடுத்தது இதுதான் முதல் தடவை.

போன வருஷம் எங்கள் சேகரத்தில், அதாவது பல சபைகள் சேர்ந்த நிர்வாக வட்டாரத்தில், தேர்தல். சபைத் தேர்தல் என்றால் என்ன என்று தென் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அணி உண்டு, எதிரணி உண்டு, இரவு பத்து மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டுவது உண்டு. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பாதிப்பேர் மீதிப்பேரின் முகத்தைப் பார்க்காமல் செருப்பு மாட்டுவதும் உண்டு. ஓர் அணியின் நோட்டீஸ் என் மேஜைக்கு வந்தது. உச்சியில் சிலுவைப் படம். அதன் கீழே, “கிறிஸ்துவே சபையின் தலைவர் (கொலோசெயர் 1:18)”. அதற்கும் கீழே நான்கு பேர் படம். நடுவில் இருந்தவர் படம் மற்ற மூன்றையும்விட இரண்டு மடங்கு. அடியில், “அண்ணன் தலைமையில் அணி திரள்வோம்!”

கால்புள்ளிகளை எல்லாம் சரிபார்த்துவிட்டு வசனத்துக்கு வந்தேன். வசன எண் போட்டுவிட்டால் வசனத்தை மாற்றக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் விதி. பைபிளை எடுத்துப் புரட்டினேன். “அவரே சபையாகிய சரீரத்துக்குத் தலையானவர்” என்று இருந்தது. தலைவர் என்று இல்லை. சிவப்பு மையில் ‘வர்’ என்ற இரண்டு எழுத்தையும் அடித்து, வாக்கியத்தைச் “சபைக்குத் தலை” என்று மாற்றிக் கொடுத்தேன். நோட்டீஸைக் கொண்டுவந்த தம்பி முகம் சுளித்தார். “ரெண்டும் ஒண்ணுதான அண்ணாச்சி? வெறும் ‘தலை’ன்னு மொட்டையாப் போட்டா நல்லாவா இருக்கு? மரியாதையா ‘தலைவர்’னே இருக்கட்டும்.”

சரி என்று விட்டுவிட்டேன். விட்டதுதான் தப்பு. ரெண்டும் ஒண்ணுதானா?

மரியாதைக்குச் சேர்த்த இரண்டெழுத்து

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது எதிர்ச்சுவரைப் பார்த்தேன். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் பத்தில் எட்டு வீட்டில் இருக்கும் அந்தப் பலகை எங்கள் வீட்டிலும் இருக்கிறது. கிறிஸ்துவே இந்த வீட்டின் தலைவர், ஒவ்வொரு போஜனத்திலும் காணப்படாத விருந்தினர், ஒவ்வொரு சம்பாஷணையையும் மௌனமாய்க் கேட்பவர். அப்பா வாங்கி மாட்டியது. அதற்கு அடியில் உட்கார்ந்துதான் அப்பாவும் சித்தப்பாவும் நிலத்துக்காகச் சண்டை போட்டார்கள். தலைவர் மௌனமாய்க் கேட்டுக்கொண்டிருந்தார்.

தலைவர் என்ற சொல்லில் ஒரு வசதி இருக்கிறது. தலைவர் வெளியூர் போகலாம். கூட்டத்துக்கு வர முடியாமல் வாழ்த்துச் செய்தி அனுப்பலாம். அவர் இல்லாதபோது துணைத்தலைவர் பார்த்துக்கொள்வார். நாற்காலியைக் காலியாக விட்டு, அதில் துண்டைப் போட்டு வைக்கலாம். நம் சபைகளில் கிறிஸ்து அனேகமாக இப்படிப்பட்ட தலைவராகத்தான் இருக்கிறார்: கௌரவத் தலைவர். லெட்டர்பேடின் உச்சியில் பெயர் இருக்கும், கையெழுத்து அடியில் வேறொருவருடையது. தலை அப்படி இல்லை. தலை வெளியூர் போக முடியாது. தலைக்குப் பொறுப்புத் தலை என்று ஒன்று கிடையாது. தலை இல்லாத உடம்புக்குத் தமிழில் முண்டம் என்று பெயர்.

(இடையில் ஒன்று. ‘தல’, ‘தலைவர்’ இரண்டையும் தமிழ்நாட்டில் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் சினிமா ரசிகர்கள்தான். ஒன்று அஜித், மற்றது ரஜினி. மாற்றிச் சொன்னால் அடி விழும். 2021-இல் அஜித், இனி என்னைத் ‘தல’ என்று கூப்பிட வேண்டாம் என்று அறிக்கையே விட்டார். வேத பண்டிதர்களிடம் இந்தக் கறார் இருந்தால் எனக்கு இத்தனை மாதம் மிச்சமாகியிருக்கும்.)

வசனங்களை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தபோது முதலில் தட்டுப்பட்டது நான் எதிர்பார்க்காத ஒன்று. சபையைச் சரீரம் என்று விரிவாகச் சொல்லும் 1 கொரிந்தியர் 12-இல் கிறிஸ்து தலை இல்லை. அங்கே தலையும் ஓர் அவயவம், அவ்வளவுதான். “தலையானது கால்களை நோக்கி: நீங்கள் எனக்கு வேண்டுவதில்லையென்றும் சொல்லக்கூடாது.” கண்ணும் காதும் எப்படியோ தலையும் அப்படியே, திமிர் பிடித்துப் பேசக்கூடிய ஓர் உறுப்பு. கொரிந்து சபையிலும் அணிகள் இருந்தன. நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று நோட்டீஸ் அடிக்காத குறை. அந்தச் சபையில் தன்னைத் தலை என்று நினைத்துக்கொண்டிருந்த யாரோ சிலருக்காக எழுதப்பட்ட வரி அது என்றே எனக்குப் படுகிறது. கொலோசெயருக்கும் எபேசியருக்கும் பவுல் எழுதிய நிருபங்களுக்கு, அதாவது கடிதங்களுக்கு, வரும்போதுதான் உருவகம் மாறுகிறது. அங்கே தலை என்ற இடம் கிறிஸ்துவுக்கென்றே எடுத்து வைக்கப்பட்டுவிடுகிறது. மற்ற எல்லாரும் கழுத்துக்குக் கீழே. பிஷப்பும் கழுத்துக்குக் கீழேதான், உபதேசியாரும் கழுத்துக்குக் கீழேதான், மணி அடிக்கிறவரும் அங்கேதான்.

2,336 தலைகள்

இந்த இடத்தில் நின்றிருக்கலாம். நிற்காமல் செல்போனில் தேடப் போய், வேத அறிஞர்கள் ‘தலை’ என்ற ஒரு சொல்லுக்காக எழுபது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தேன். மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் கெஃபாலே. 1954-இல் ஸ்டீபன் பெடேல் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார்: பவுல் இந்தச் சொல்லை ‘அதிகாரி’ என்ற பொருளில் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, ‘தொடக்கம்’, ‘பிறப்பிடம்’ என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது என்று. பலர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1985-இல் வேய்ன் குரூடெம் என்பவர் பழைய கிரேக்க நூல்களில் அந்தச் சொல் வரும் 2,336 இடங்களைத் தோண்டி எடுத்தார். பெரும்பாலான இடங்களில் அது கழுத்துக்கு மேலே இருக்கிற வெறும் தலை. 49 இடங்களில் ஆளுகிறவன், அதிகாரம் உள்ளவன் என்ற பொருள் இருக்கிறது, ‘பிறப்பிடம்’ என்ற பொருள் ஒரு இடத்தில்கூட உறுதியாக இல்லை என்றார் அவர். எதிர்த்தரப்பு அந்த 49-இலேயே பாதியை ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை சூடு எதற்கென்றால், சண்டை உண்மையில் கிறிஸ்துவைப் பற்றியது அல்ல. புருஷன் மனைவிக்குத் தலை என்று எபேசியர் 5 சொல்கிறதே, அதற்கு என்ன அர்த்தம், பெண்கள் பிரசங்க பீடம் ஏறலாமா கூடாதா என்பதுதான் உள்ளே கொதிப்பது.

இந்தச் சண்டையில் அடிக்கடி இழுக்கப்படும் சாட்சி ஒரு நதி. பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தன் வரலாற்றின் நான்காம் புத்தகத்தில் தேயாரஸ் என்ற நதியைப் பற்றிச் சொல்கிறார். பாரசீக ராஜா தரியு படையோடு அங்கே தங்கி, இந்த நதியின் தலைகள் தரும் தண்ணீரே நதிகளில் எல்லாம் சிறந்தது என்று கல்லில் வெட்டி வைத்தானாம். பார், ஊற்றைத் தலை என்கிறான், என்றது ஒரு தரப்பு. அது நதியின் ஒரு முனை என்பதால் வந்த பெயர், பிறப்பிடம் என்பதால் இல்லை என்றது மறு தரப்பு.

எனக்குச் சிரிப்பு வந்தது. குடகு மலையில் காவிரி பிறக்கும் இடத்துக்குத் தலைக்காவிரி என்று நாம் பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறோம், எந்த அகராதியையும் கேட்காமல். முதல் பிள்ளை தலைச்சன். முதல் பிரசவம் தலைப்பிரசவம். வாய்க்கால் பிரியும் இடத்தில் இருக்கிற வயல் தலைமடை, கடைசியில் கிடப்பது கடைமடை. ஊரை ஆள்கிறவன் ஊர்த்தலைவன். ஒரே சொல் தொடக்கத்தையும் சொல்கிறது, மேன்மையையும் சொல்கிறது, அதிகாரத்தையும் சொல்கிறது. ‘தலை’க்கு எபிரெயச் சொல்லான ரோஷ் அப்படித்தான் என்று பெடேல் எழுதியிருந்தார். பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ரோஷ் என்பது ஆளைக் குறிக்கிற பல இடங்களில் கெஃபாலேயை விட்டுவிட்டு அதிபதி என்ற பொருள் தரும் வேறு சொல்லைத் தேடிக்கொண்டார்கள். யெப்தாவைக் கீலேயாத்துக்காரர்கள் தலைவனாக்கிய கதை போலச் சில இடங்களில்தான் கெஃபாலே வருகிறது. தமிழுக்கு அந்தச் சங்கடமே வந்திருக்க வேண்டாம். 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் குழு ‘தலை’ என்று போட்டுவிட்டு நிம்மதியாக அடுத்த வசனத்துக்குப் போயிருக்கிறது. நாம்தான் மரியாதைக்கு இரண்டெழுத்துச் சேர்த்து, இருந்த பல அர்த்தங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூர எறிந்துவிட்டோம்.

கடைமடை என்றதும் கொஞ்சம் ஊர்க்கதை. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கடைசி, ஸ்ரீவைகுண்டம். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. அங்கிருந்து வடகால், தென்கால் என்று பிரிந்து குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகும் தண்ணீரில், கடைசிக் குளத்தின் கடைசி மடையில் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் இருந்தது. பொதிகையில் மழை கொட்டியது என்று ரேடியோவில் செய்தி வரும். எங்கள் வயலில் வெடிப்பு விட்டிருக்கும். அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரியில் வாய்க்கால் வழியே மேலே நடப்பார். எங்கோ ஒருவன் அடைத்து வைத்திருப்பான். தலையில் தண்ணீர் இல்லாததால் எங்கள் பயிர் ஒரு தடவைகூடக் காய்ந்ததில்லை. நடுவில் இருந்தவர்களால்தான் காய்ந்தது. எபேசியர் 4:16-ஐ நான் இப்படித்தான் வாசிக்கிறேன். தலையிலிருந்து சரீரம் முழுதும் “சகல கணுக்களினாலும் இசைவாய்க் கூட்டி இணைக்கப்பட்டு” வளருகிறது என்கிறது அந்த வசனம். கணு என்பது கரும்புக்காரன் சொல். கணுவில்தான் அடுத்த கரும்பு முளைக்கும். கணுவே அடைத்துக்கொண்டு, நான்தான் தலை என்று உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று கடைமடைக்காரனிடம் கேட்க வேண்டும்.

அத்தை சொன்னது

இவ்வளவு யோசித்தும் ஒன்று ஒட்டவில்லை. ஊற்று, அதிகாரம் இரண்டும் ‘தலை’க்குள் இருக்கின்றன, சரி. ஆனால் கொலோசெயர் 1:18 இன்னும் இரண்டு சொற்களை அடுக்குகிறது. “அவரே ஆதியும் மரித்தோரிலிருந்து எழுந்த முதற்பேறுமானவர்.” தலை, ஆதி, முதற்பேறு. சரீர உருவகத்தில் ஆரம்பித்த வாக்கியம் திடீரென்று குடும்ப உறவுக்கு ஏன் தாவுகிறது? உருவகம் உடைந்துவிட்டது, பவுலுக்கு அவசரம் என்று நினைத்துக்கொண்டேன். புரூஃப் பார்க்கிறவனின் புத்தி. தனக்குப் புரியாத இடத்தில் எழுதியவர் மேல் பிழை போடும்.

அத்தைக்கு வயது எண்பத்து மூன்று. அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அதில் பாதிக் காலத்துக்கு மேல் லேபர் வார்டில். ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது, இன்னொன்றில் தலைப்பெழுத்து மட்டும் தெரியும். அதனால் குடும்ப ஜெபத்தில் வேதம் வாசிப்பது நான். அந்த வாரம் முழுக்க நான் வேண்டுமென்றே கொலோசெயரையே வாசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அத்தை கையைக் காட்டி நிறுத்தினார்.

“திரும்ப வாசி.”

வாசித்தேன்.

“தலைன்னு சொல்லுதாரு. ஒடனே முதற்பேறுன்னும் சொல்லுதாரு. இது லேபர் வார்டு பேச்சுல்லா?”

“என்னத்த சொல்லுதீங்க?”

“பேறுன்னா என்ன ஐயா? பேறுகாலம். பிள்ளைப்பேறு. பேறுகாலத்துல மொதல்ல எது வரும்?”

நான் பேசவில்லை. அத்தை பேசினார். சொல்லச் சொல்ல அவர் கைகள் மடியில் தாமாக அசைந்தன, பிடிப்பது மாதிரி, திருப்புவது மாதிரி. “தலைக்குத்தான் பாடு பூரா. உச்சி எலும்பு ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கிடும். நசுங்கி, நீண்டு, வீங்கிப்போயி வரும். பிறந்த அன்னைக்குப் பாத்தா சுரைக்காய் மாதிரி இருக்கும் சில பிள்ளைக்கு. தாய்மாரு அழுவாளுவ. ரெண்டு நாள்ல சரியாயிரும்னு சொல்லுவோம். உடம்புக்கு அந்தப் பாடு கிடையாது. தலை போட்ட வழியில வழுக்கிட்டு வந்துரும். தலை வந்தாச்சுன்னா டாக்டரம்மா பாதி மூச்சு விட்டுருவாங்க.”

“தலை வந்துட்டா பிள்ளை பிறந்தாச்சா அத்தை?”

“அதெப்படி? உடம்பு உள்ளல்லா கிடக்கு. ஆனா தலை வெளிய வந்துட்டு. இனி உடம்பு உள்ளேயே இருக்க முடியாது பாத்துக்கோ.”

பைபிளை மூடப் போனேன். அத்தை முடிக்கவில்லை. “சில பிள்ளைக்குத் தோள் மாட்டிக்கிடும். தலை வெளிய, தோள் உள்ள. அப்பதான் எங்களுக்குக் கை நடுங்கும். புது நர்ஸுமாரு பயத்துல தலையப் பிடிச்சு இழுக்கப் பாப்பாளுவ. இழுக்கவே கூடாது. தலையில ஒரு குத்தமும் கிடையாதே. தோளத்தான் திருப்பணும்.” அப்புறம் வழக்கம்போல, “சரி, ஜெபம் பண்ணு, மாத்திரை போடணும்” என்றார்.

அன்று நான் என்ன ஜெபித்தேன் என்று நினைவில்லை. அந்த வசனத்தை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். தலையில் மூளை இருக்கிறது, மூளை கட்டளையிடுகிறது, உடம்பு கீழ்ப்படிகிறது. அதுபோல சபையும் கீழ்ப்படிய வேண்டும் (அதாவது, பீடத்தில் நிற்கிறவருக்கு). வேதாகமத்தில் யோசிப்பது இருதயம்தான். மூளையை அது யோசிக்கும் உறுப்பாகப் பேசுவதே கிடையாது. கிரேக்க மருத்துவர்களில் ஒரு சாரார் மூளைக்குத்தான் ஆட்சி என்று சொல்லியிருந்தார்கள், பவுலின் காதில் அது விழுந்திருக்கலாம். கொலோசெயருக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பும் கூட்டத்தில் “பிரியமான வைத்தியனாகிய லூக்கா”வும் இருக்கிறார். அதிகாரம் என்ற பொருள் இந்த வசனங்களில் இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எபேசியர் முதல் அதிகாரத்தில் எல்லாவற்றையும் பாதங்களுக்குக் கீழ்ப்படுத்தி அவரைத் தலையாகத் தந்தார் என்று தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அங்கேயும் பாருங்கள், கீழ்ப்படுத்தப்பட்டது ‘எல்லாம்’. தலையாகத் தரப்பட்டது சபைக்கு. பாதத்துக்குக் கீழே இருப்பதும், கழுத்தோடு ஒட்டி இருப்பதும் ஒரே உறவு இல்லை.

உடம்புக்கு முன்னால் நெருக்கத்தில் நுழைந்து, நசுங்கி, வழியை விரித்துக்கொண்டு வெளியே வருவது தலை. மரணத்திலிருந்து வெளியே வந்த முதற்பேறு. அத்தையின் லேபர் வார்டில் அந்த வாக்கியத்தை வைத்துப் பார்த்தால் எந்த உருவகமும் உடையவில்லை.

பழைய ஆட்களுக்கு இந்த ஒட்டுறவு நன்றாகத் தெரிந்திருக்கிறது. சபையைத் துன்புறுத்தப் போன சவுலுக்கு (பின்னால் பவுல் ஆனவர்) தமஸ்கு வழியில் கேட்ட கிறிஸ்துவின் குரல், என் சபையை ஏன் துன்பப்படுத்துகிறாய் என்று கேட்கவில்லை. “நீ என்னை ஏன் துன்பப்படுத்துகிறாய்” என்று கேட்டது. இதற்குப் பழங்காலத் திருச்சபை அறிஞர் அகுஸ்தீன் சொன்ன விளக்கம், கூட்டத்தில் சிக்கிய எவருக்கும் புரியும்: யாராவது உன் காலை மிதித்தால் நாக்குத்தான் கத்துகிறது, “என்னை மிதிக்கிறாய்” என்று. நாக்கை யாரும் தொடவில்லை.

எபேசியர் 5 பற்றி ஒரு பத்தி மட்டும். நம் கல்யாணங்களில் 22-ஆம் வசனத்தில் தொடங்கி வாசிப்பார்கள்: மனைவிகளே, கீழ்ப்படியுங்கள். அதற்கு முந்தைய வசனம், ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள் என்பது. மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் 22-ஆம் வசனத்துக்கென்று தனி வினைச்சொல்லே கிடையாது. முந்தைய வசனத்தின் வினையைத்தான் அது கடன் வாங்கிக்கொள்கிறது. வினையை வெட்டி எடுத்துக்கொண்டு வசனத்தை விட்டுவிட்டோம். தலை என்ன செய்கிறது என்று அந்த அதிகாரமே சொல்கிறது: தன்னை ஒப்புக்கொடுக்கிறது, போஷிக்கிறது, காப்பாற்றுகிறது. உத்தரவு போடுகிறது என்று ஒரு வினைகூட இல்லை. என் வீட்டில் இதைச் சொன்னேன். “இருபத்தாறு வருஷம் கழிச்சாவது வாசிச்சீங்களே” என்று பதில் வந்தது. நம் சங்கப் பாட்டில் தலைவனுக்கு எதிரே நிற்பவள் தலைவி. அவளுக்கும் அதே ‘தலை’தான். தலைவன் என்ற சொல் அங்கே காதலிக்கிறவனைக் குறித்தது, கட்டளையிடுகிறவனை அல்ல.

ராஜாக்களும் மற்றவர்களும்

தலை என்ற இடம் காலியாகத் தெரிந்தால் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். 1534-இல் எட்டாம் ஹென்றி இங்கிலாந்துச் சபைக்குத் தானே உச்சத் தலை என்று சட்டம் போட்டுக்கொண்டார். அவர் மகள் முதலாம் எலிசபெத் 1559-இல் அந்தப் பட்டத்தை ‘உச்ச ஆளுநர்’ என்று மாற்றிக்கொண்டார். தலை என்ற சொல் மனிதருக்கு, அதுவும் ஒரு பெண்ணுக்கு ஆகாது என்று பலர் முணுமுணுத்ததால் வந்த மாற்றம். அதிகாரத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. பார்த்தீர்களா, புரூஃப் திருத்தம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று.

ஸ்காட்லாந்தில் கதை வேறு. அந்தக் காலத்தில் அங்கே ஒரு சபைக்கு யார் குருவானவர் என்பதை அந்த ஊர்ப் பண்ணையார் நியமிக்கலாம். 1834-இல் ஆக்டராடர் என்ற ஊரில் பண்ணையார் அனுப்பியவரை 330 குடும்பத் தலைவர்களில் 287 பேர் வேண்டாம் என்றார்கள். வழக்கு நீதிமன்றம் போனது, பண்ணையார் பக்கம் தீர்ந்தது. சபைக்குத் தலை கிறிஸ்து என்றால் நீதிமன்றம் எப்படிப் போதகரைத் திணிக்கலாம் என்ற கேள்வி பத்து வருஷம் புகைந்து, 1843 மே 18 அன்று எடின்பரோவில் வெடித்தது. 450-க்கும் அதிகமான போதகர்கள் சம்பளத்தையும் குடியிருந்த வீட்டையும் விட்டு வெளியே நடந்து, தனிச் சபை தொடங்கினார்கள். இந்தியாவில் இருந்த அவர்களுடைய மிஷனரிகளும் கட்டடங்களைக் கைவிட்டு அவர்களோடு போனார்கள். அவர்களில் ஒருவர் சென்னையில் பள்ளி நடத்திக்கொண்டிருந்த ஜான் ஆண்டர்சன். 1837-இல் அவர் தொடங்கிய அந்தப் பள்ளிதான் பின்னால் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. கிறிஸ்துவே தலை என்பதற்காக வீட்டைக் காலி செய்தவர்கள் அவர்கள். (வேண்டாம் என்று சொல்லும் உரிமை ‘குடும்பத் தலைவர்’களான ஆண்களுக்கு மட்டும்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.) இன்று நம் பக்கம் சபைச் சண்டை நடந்தால் நாமே ஓடிப்போய் நீதிமன்றத்தின் கதவைத் தட்டுகிறோம். ஓய்வு பெற்ற நீதிபதி வந்து சபையை நடத்துகிறார். நன்றாகவே நடத்துகிறார் என்பது கூடுதல் வெட்கம்.

எனக்கு நெருக்கமாகத் தோன்றுவது ஜெர்மனி, 1934. முந்தைய வருஷம் லுட்விக் முல்லர் என்ற ஹிட்லர் ஆள் புராட்டஸ்டன்ட் சபைக்கு ஏகப் பேராயராக்கப்பட்டிருந்தார். நாட்டுக்கு ஒரு தலைவன், சபைக்கும் ஒரு தலைவன். மே மாதக் கடைசியில் வுப்பர்டால் நகரின் பார்மன் பகுதியில், கெமார்க்கே ஆலயத்தில், இதை ஏற்காதவர்கள் கூடி ஆறு அறிக்கைகளை வெளியிட்டார்கள். வாசகங்களில் பெரும்பகுதி இறையியலாளர் கார்ல் பார்த் எழுதியது. கூட இருந்த இரண்டு லுத்தரன் நண்பர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூங்கப் போய்விட, தான் மட்டும் கடுங்காப்பியும் சுருட்டுமாக உட்கார்ந்து எழுதி முடித்ததாக அவரே பிற்பாடு சொல்லிச் சிரித்திருக்கிறார். மூன்றாம் அறிக்கை எபேசியர் 4:15-16-இல் தொடங்குகிறது, தலையாகிய கிறிஸ்துவுக்குள் வளருவது. அதற்கடுத்த நான்காம் அறிக்கைதான் கத்தி. சபையில் இருக்கும் பல்வேறு பணிகள் ஒருவர்மேல் ஒருவர் ஆளுகை செய்வதற்கு ஆதாரம் ஆகாது. ஆளும் அதிகாரம் பெற்ற தனித் தலைவர்களை, ஃப்யூரர்களை (ஹிட்லருக்கு வழங்கிய அதே பட்டம்), சபை தனக்கு வைத்துக்கொள்ள முடியும் என்ற போதனையை நிராகரிக்கிறோம் என்கிறது. அந்தச் சொல்லை அந்த வருஷம், அந்த நாட்டில் எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். ஆனால் அந்த ஆறு அறிக்கைகளில் யூதர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது தன் குற்றம் என்று பல வருஷம் கழித்து பார்த் எழுதினார். தலையைச் சரியாகப் பார்த்தவர்களுக்கும் தோள் மாட்டிக்கொண்டது.

நான் பார்த்தவரை, இந்தப் போதனை வெளியே நிற்கிற ராஜாவிடம் “நீ தலை இல்லை” என்று சொல்லப் பயன்பட்ட அளவுக்கு, உள்ளே இருக்கிறவர்கள் தங்களுக்கே சொல்லிக்கொள்ளப் பயன்படவில்லை. புதிய ஏற்பாட்டிலேயே ஓர் ஆள் இருக்கிறார், தியோத்திரேப்பு. மூன்றாம் யோவான் நிருபத்தில் ஒரே ஒரு தடவை தலை காட்டுகிறார்: “முதன்மையாயிருக்க விரும்புகிற தியோத்திரேப்பு.” அவர் ராஜா இல்லை, பண்ணையாரும் இல்லை. ஏதோ ஒரு சிறு சபையின் பெரிய மனிதர். கிரேக்கத்தில் ‘முதன்மையை விரும்புகிற’ என்பது ஒரே சொல். அதற்குள் இருக்கும் ‘முதன்மை’ என்ற வினை புதிய ஏற்பாடு முழுவதிலும் தனியாக வருவது ஒரே ஓர் இடத்தில்தான். நோட்டீஸில் இருந்த அதே கொலோசெயர் 1:18: “எல்லாவற்றிலும் முதல்வராயிருக்கும்படி.” கிறிஸ்துவுக்கென்று சொல்லப்பட்ட சொல்லுக்கு முன்னால் ‘விருப்பம்’ ஒட்டிக்கொண்டால் தியோத்திரேப்பு வந்துவிடுகிறார். அங்கேயும் இரண்டெழுத்து விவகாரம்தான்.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால் அதே நோட்டீஸ் இரண்டாம் பதிப்புக்கு வந்தது. ஒரு வேட்பாளரின் படிப்பைத் தப்பாகப் போட்டுவிட்டார்களாம். இந்தத் தடவை நான் விடவில்லை. ‘சபையின் தலைவர்’ என்பதை அடித்து, ஓரத்தில் பெரிதாகச் ‘சபைக்குத் தலை’ என்று எழுதி, வசனம் இப்படித்தான் இருக்கிறது, மாற்றாவிட்டால் வசன எண்ணை எடுத்துவிடுங்கள் என்று குறிப்பும் வைத்தேன். தம்பி நல்ல பிள்ளை, சண்டை பிடிக்கவில்லை. “சரி அண்ணாச்சி, உங்க இஷ்டம்” என்று வாங்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் அச்சான பிரதியை என் கையிலும் ஒன்று திணித்தார்கள். திருத்தம் ஏறியிருந்தது: “கிறிஸ்துவே சபைக்குத் தலை.” வீட்டுக்கு வந்து அத்தையிடம் காட்டினேன். தெரிந்த கண்ணுக்கு அருகில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். “மேல எழுதியிருக்கது தெரியல. நடுவுல இருக்கது யாரு, போட்டோ பெருசா இருக்கே?” என்றார். முதல் பதிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உண்மைதான். வரி சுருங்கியதில் மிச்சமான இடத்துக்கு அண்ணன் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கியிருந்தார்கள்.